பெரிய மனுசன் என்று யார் சொல்வது?

(சிங்கப்பூரில் தேக்கா பக்கம் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

வணக்கம். பொன்னாடைக்கு நன்றி. இந்த அரங்கின் ஏர்கானுக்கு அது உண்மையிலேயே உதவும். மடித்துப் பையில் வைக்கப் போவதில்லை, தோளிலேயே கிடக்கட்டும். துண்டுக்கும் தோளுக்கும் உள்ள உறவைப் பற்றியும் கொஞ்சம் பேசவேண்டி இருக்கிறது.

போன வருடம் என் பேத்திக்குச் சடங்கு வைத்தோம். மண்டபம், சீர்த்தட்டு, தாய்மாமன் மாலை என்று எல்லாம் உண்டு. அவளுடைய அண்ணனுக்குப் பதினைந்து வயது. ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தவன், பந்தியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்டான்: "தாத்தா, அவ பெரிய மனுசி ஆயிட்டான்னு எல்லாரையும் கூப்பிட்டுச் சோறு போடுறீங்க. நான் எப்ப பெரிய மனுசன் ஆவேன்? எனக்கு எப்ப சோறு போடுவீங்க?" வரிசையே சிரித்தது. எதிரில் இருந்த என் தங்கை சட்டென்று சொன்னாள்: "மொதல்ல ஃபேனை ஆஃப் பண்ணிட்டு ரூமை விட்டு வெளிய வரக் கத்துக்க!"

பையன் கேட்டது சரியான கேள்வி. பெண்ணுக்கு ஒரு நாள் இருக்கிறது. உடம்பு சொல்லிவிடுகிறது, ஊர் ஒப்புக்கொள்கிறது. (அதை இன்னும் மண்டபம் பிடித்து நடத்தத்தான் வேண்டுமா என்று எனக்கும் மருமகளுக்கும் வாக்குவாதம் நடந்தது. நியாயம் அவள் பக்கம்தான், ஜெயித்தது நான்.) ஆணுக்கு அப்படி ஒரு நாளே கிடையாது. மீசை முளைத்துவிட்டது என்று யாரும் இலை போடுவதில்லை. நம் பேச்சையே கவனியுங்கள். "பெரிய மனுசி ஆயிட்டா" என்றால் நடந்து முடிந்த செய்தி. "பெரிய மனுசன்" என்பது மற்றவர்கள் பார்த்துக் கொடுக்கிற பட்டம். அதிலும் பாதி நேரம் நக்கல்தான்: "வந்துட்டாருய்யா பெரிய மனுசன்." கொடுத்தவர்களே பிடுங்கிக்கொள்ளவும் செய்வார்கள். "பெரிய மனுசன் செய்யற வேலையா இது?" என்று ஒருவர் கேட்டால் போதும், போயிற்று.

ஆக, ஆணுக்கு வரும் மரியாதை அவன் கையில் இல்லை, பிறர் கையில் இருக்கிறது. அந்தப் பிறர் யார், எதைப் பார்த்துக் கொடுக்கிறார்கள் என்பது சமூகத்துக்குச் சமூகம் மாறுகிறது. இதைத் தெரிந்துகொள்ள நான் எந்த நாட்டுக்கும் போகவில்லை. எங்கள் அடுக்குமாடி புளோக்கின் மின்தூக்கியே போதுமானதாக இருந்தது.

எங்கள் மாடியில் ஒரு சீனர் இருக்கிறார். நாற்பத்து மூன்று வயது, கல்யாணம் ஆகவில்லை. நல்ல வேலை. அம்மாவுக்கு நினைவு தப்பிவிட்டது. தினமும் சாயங்காலம் சக்கர நாற்காலியில் வைத்துக் கீழே வெற்றுத்தளத்துக்குக் கூட்டிவந்து கஞ்சி ஊட்டுவார். சீனப் புத்தாண்டுக்கு என்ன நடக்கும் தெரியுமா? சித்தி, பெரியம்மா எல்லாரும் இவர் கையில் அங் பாவ், அதாவது பணம் வைத்த சிவப்பு உறை, வைப்பார்கள். கல்யாணம் ஆனவர் கொடுக்கவேண்டும், ஆகாதவர் வாங்கவேண்டும். அதுதான் வழக்கம். இருபத்தைந்து வயதில் மணமுடித்த ஒருவன் பந்தாவாக உறையை நீட்டுவான், நாற்பத்து மூன்று வயதுக்காரர் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்ளவேண்டும். ஒருமுறை மின்தூக்கியில் என்னிடம் சொன்னார்: "அங்கிள், ஆபீஸில் எனக்குக் கீழே பன்னிரண்டு பேர். புத்தாண்டுக்கு மட்டும் நான் சின்னப் பையன்."

அதே மாடியில் ஒரு மலாய்க் குடும்பம். அவர்கள் வீட்டு மூத்த பையன் வேலைக்குச் சேர்ந்த வருடமே ஹரி ராயா என்கிற நோன்புப் பெருநாளுக்குப் பச்சை உறைகளை அடுக்கி வைத்துக்கொண்டு சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்க ஆரம்பித்துவிட்டான். பெண் பார்த்தார்களா இல்லையா என்று யாரும் கேட்கவில்லை. சம்பளம் வந்ததா, கொடு. அவ்வளவுதான்.

நம் வீட்டில் இரண்டும் இல்லை. தீபாவளிக்கு என் காலில் விழுகிறவன் ஐம்பது வயதுக்காரனாக இருந்தாலும், வீடும் காரும் வைத்திருந்தாலும், உறை என் கையிலிருந்துதான் போகும். நமக்கு வயதுதான் கணக்கு. ஒருவர் கல்யாணத்தைப் பார்க்கிறார், ஒருவர் சம்பாத்தியத்தைப் பார்க்கிறார், நாம் நரையைப் பார்க்கிறோம். எல்லா வீட்டிலும் இப்படியே என்று சத்தியம் செய்யமாட்டேன். எங்கள் மாடியில் நான் பார்த்தது இது.

நரையை மட்டும்தானா பார்க்கிறோம்? அங்கே என் சாதிசனத்தைக் கொஞ்சம் மாட்டிவிடுகிறேன். டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயிலை 1859ல் கட்டிய நகரத்தார்களைக் கேளுங்கள். அவர்களுக்குள் ஆள் கணக்கு 'புள்ளி'. கணவனும் மனைவியும் சேர்ந்தால் ஒரு புள்ளி. கோயில் வரியும் அந்தக் கணக்கில்தான். மார்க்கெட் ஸ்திரீட்டில் வட்டிக்கடை நடந்த கிட்டங்கியில் பணப்பெட்டி முன்னால் உட்கார்ந்து லட்சக்கணக்கில் வரவுசெலவு பார்த்தாலும், மணமாகாதவன் ஊர்ப் பேரேட்டில் புள்ளி இல்லை. மணமானதும் பெற்றோர் அவனை 'வேறு வைப்பார்கள்'. அதே வீடு, ஆனால் தனி அடுப்பு, தனிக் கணக்கு. அப்பாவோடு ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டே தனி ஆள் ஆகிவிடலாம். பெற்றோர் வீட்டை விட்டு வெளியேறாதவன் ஆம்பிளையே இல்லை என்று நினைக்கிற ஐரோப்பியருக்கு இதை எப்படி விளக்குவீர்கள்? கப்பல் பட்டறையில் எனக்கு மேலே ஒரு டச்சுக்காரர் இருந்தார். முப்பது வயதிலும் அம்மாவோடு இருக்கிறான் என்று ஒரு பையனைப் பார்த்துப் பாவப்பட்டார். நாங்களோ, எழுபது வயது அப்பாவைத் தனியாக விட்டு வந்திருக்கிறாரே என்று அவரைப் பார்த்துப் பாவப்பட்டோம். இரண்டு பக்கமும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை.

மினாங்கபாவ் மக்கள் இன்னும் விசித்திரம். சுமத்திராவில் இருக்கிற முஸ்லிம் சமூகம், ஆனால் வீடும் நிலமும் தாய்வழியில் பெண்களுக்குப் போகும். மனைவி வீட்டில் புருசன் 'வெட்டிய மரத்தின் அடிக்கட்டை மேல் கிடக்கிற சாம்பல்' என்று அவர்களே பழமொழி சொல்வார்கள். காற்றடித்தால் பறந்துவிடுவான் என்று அர்த்தம். அப்படியானால் அங்கே ஆணுக்கு எங்கே மரியாதை? அக்கா தங்கை வீட்டில். அவன் 'மாமாக்', நம் தாய்மாமன் மாதிரி. மருமக்களை ஆளாக்குகிறவன் அவன்தான். இளவட்டங்கள் ஊரைவிட்டுக் கிளம்பிப் பிழைத்துத் திரும்பவேண்டும், அதற்கு 'மெரந்தாவ்' என்று பெயர். அப்படிக் கிளம்பி 1928ல் சிங்கப்பூருக்கு வந்தவர்தான் சுபிர் சயித். அப்பா ஊர்த்தலைவர், பாட்டு கூத்தெல்லாம் ஆகாது என்பவர். மகன் இங்கே வந்து சேர்ந்தது பங்சவான் என்கிற மலாய் இசைநாடகக் குழுவில். அப்பாவின் கண்ணுக்கு அது ஒரு ஆண்பிள்ளைக்கு அடுக்குமா? அந்த மகன் 1958ல் மெட்டமைத்ததுதான் நம் தேசிய கீதம் 'மஜுலா சிங்கப்பூரா'. இன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அதற்குத்தான் எழுந்து நிற்கிறார்கள்.

இங்கே அரசாங்கமும் ஓர் அளவுகோல் வைத்தது. 1967ல் தேசிய சேவை வந்தது, ஆண்பிள்ளைகளுக்குக் கட்டாய ராணுவப் பயிற்சி. எனக்கு இரண்டரை வருடம், இப்போது இரண்டு. புறநானூற்றில் பொன்முடியார் பாட்டு ஒன்று உண்டு. பெற்றுத் தருவது தாய்க்குக் கடன், சான்றோன் ஆக்குவது தந்தைக்குக் கடன், வேல் வடித்துக் கொடுப்பது கொல்லனுக்குக் கடன் என்று போகும். மேடையில் யாரும் விடமாட்டார்கள், நானும் விடவில்லை. ஆனால் அந்தப் பாட்டில் 'சான்றோன்' என்றால் வீரன். அதே சொல்தான் குறளுக்கு வரும்போது பண்பில் நிறைந்தவனாகிவிட்டது. மரியாதைக்குரிய ஆண் யார் என்பது நம்மிடமே ஒரே இடத்தில் நிற்கவில்லை. இங்கே தந்தை, கொல்லன், வேந்தன் மூவர் வேலையையும் தற்காப்பு அமைச்சு எடுத்துக்கொண்டது. தாயின் வேலை மட்டும் மிச்சம், பயிற்சி முகாம் இருக்கிற புலாவ் தேக்கோங் தீவு வரைக்கும் கூடவே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்புவது. பெண் வீட்டார் இன்றும் முதலில் கேட்பது, "ஓஆர்டி ஆயிடுச்சா?" சேவைக் காலம் முடிந்ததா என்று அர்த்தம். பிறகு ரிசர்விஸ்ட் வரும், முடித்தவர்களை அவ்வப்போது முகாமுக்குத் திரும்ப அழைப்பது. வெளியே முதலாளியாக இருப்பவர் முகாமுக்குள் இருபத்தாறு வயது அதிகாரிக்கு விறைத்து நின்று சல்யூட் அடிப்பார். அங்கே எவருடைய காரும் செல்லுபடியாகாது. எனக்கு அது பிடிக்கும்.

சட்டமும் மாற்றிக் காட்டியிருக்கிறது. 1908ல் இங்கே 'ஆறு விதவைகள் வழக்கு' நடந்தது. ஒரு சீனச் செல்வந்தர் இறந்தபின் சொத்து கேட்டு ஆறு பெண்கள் வந்தார்கள். மூத்த தாரத்தோடு மற்ற தாரங்களும் மனைவியரே என்று நீதிமன்றம் ஏற்றது. பல தாரம் என்பது அன்றைக்கு வசதிக்கும் கௌரவத்துக்கும் அடையாளம். 1961ல் மாதர் சாசனம் என்கிற சட்டம் வந்தது, முஸ்லிம் அல்லாதவர்களுக்குப் பல தாரம் குற்றமாகிவிட்டது. எதைச் சொல்லித் தாத்தா நிமிர்ந்து நடந்தாரோ, அதைச் செய்தால் பேரன் ஜெயிலுக்குப் போவான்.

இப்போது துண்டுக்கு வருகிறேன். ஊரில் நம் முன்னோர் பலருக்குத் தோளில் துண்டு போட உரிமை இல்லை. ஆண்டை எதிரே வந்தால் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கவேண்டும், இல்லை இடுப்பில் கட்டவேண்டும். செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு அந்தத் தெருவைக் கடக்கவேண்டும். அறுபது வயதுக் கிழவரை ஆண்டை வீட்டுப் பொடியன் "டேய்" என்பான். நம் மரபில் வயதுக்கு மரியாதை என்று சற்று முன் சொன்னேனே, அது எல்லார் வயதுக்கும் இல்லை. 1929ல் பெரியார் மலாயாவுக்கு வந்து பேசினார். கோ. சாரங்கபாணி முதலானவர்கள் 1932ல் இங்கே தமிழர் சீர்திருத்தச் சங்கம் கண்டார்கள், 1935ல் சாரங்கபாணி தமிழ் முரசு பத்திரிகையைத் தொடங்கினார். அவர் மணந்துகொண்டதே ஒரு சீனப் பெண்ணை. அந்தக் காலத்துச் சொல் என்ன? சுயமரியாதை. பிறர் கொடுத்தால் உண்டு, பிடுங்கினால் இல்லை என்றிருந்த ஒன்றை எடுத்து, முன்னால் 'சுய' என்று ஒட்டினார்கள். எவ்வளவு பெரிய துணிச்சல் பாருங்கள்!

இதையெல்லாம் படித்த நான் என்ன செய்தேன் என்றும் சொல்லவேண்டும். பட்டறையில் நான் போர்மேன். என்னைவிட இருபது வயது இளைய சீன இன்ஜினியர் எனக்கு "சார்". என் வயதேயான நம் ஊர்த் தொழிலாளி எனக்கு "டேய்". அப்படித்தான் பழகிவிட்டது. புதுக்கோட்டைப் பக்கத்து ஆள் ஒருவர், வெல்டர், பதினான்கு வருடம் என் கீழ். ஒர்க் பெர்மிட்டில் வந்தவர், குடும்பத்தை இங்கே அழைத்துவர முடியாது. தங்கச்சி கல்யாணப் பத்திரிகையை ஒருநாள் காட்டினார். அழைப்பவர் வரிசையில் அவர் பெயர், பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் சிங்கப்பூர். லீவு கிடைக்கவில்லை. தாலி கட்டுவதைத் தங்குவிடுதியில் கட்டில்மேல் உட்கார்ந்து போனில் பார்த்தார்.

பிறகு அவர் ஊரில் வீடு கட்டிப் புதுமனை புகுவிழாவுக்குக் கூப்பிட்டார். நான் காரைக்குடி போயிருந்த சமயம், கார் எடுத்துக்கொண்டு போனேன். வாசலில் இறங்கினேன். தூரத்தில் அவர் நிற்கிறார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. அதே ஆள் பட்டறையில் துண்டைத் தலைக்கவசத்துக்கு அடியில் வியர்வைக்குக் கட்டியிருப்பார். "டேய்" என்று கூப்பிட வாயெடுத்தேன். அதற்குள் திண்ணையில் இருந்த ஒரு பெரியவர் எழுந்து, "வாங்க, சிங்கப்பூர்க்காரர் உங்களைத்தான் எதிர்பார்த்துக்கிட்டு இருக்காரு" என்றார். ஊரே அவரைச் சுற்றி நிற்கிறது. பஞ்சாயத்து ஆட்கள் வந்து கைகொடுக்கிறார்கள். என் வாயிலிருந்து, பதினான்கு வருடத்தில் முதல்முறையாக, "என்னங்க, நல்லா இருக்கீங்களா?" என்று வந்தது. அவர் முகத்தில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. இலையில் எனக்குப் பக்கத்தில் நின்று அவரே பாயசம் ஊற்றினார்.

திரும்பி வந்து இரண்டு வாரம் பட்டறையில் "வாங்க போங்க" என்றேன். அப்புறம் கப்பலைத் துறையில் ஏற்றுகிற ஒரு அவசர டாக்கிங் வேலை வந்தது, பழைய வாயும் கூடவே வந்துவிட்டது. அவர் அதற்கும் முகம் மாறவில்லை. அவருடைய மரியாதை நான்கு மணி நேர விமான தூரத்தில் பத்திரமாக இருந்தது, என்னிடம் அதை அவர் கேட்கவே இல்லை. என் மரியாதைதான் அங்கே கெட்டது.

நேரமாகிவிட்டது, மணி அடிக்கிறார்கள். பேரனுக்கு இன்னும் மூன்று வருடத்தில் தேக்கோங் கடிதம் வரும். அவன் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. போன தீபாவளிக்கு நடந்ததை மட்டும் சொல்லி உட்கார்ந்துவிடுகிறேன்.

அந்தச் சீன நண்பர் அம்மாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு முறுக்கு சாப்பிட வந்தார். எங்கள் வழக்கப்படி, வயதில் மூத்தவன் என்று நான் அவருக்கு ஓர் உறை கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஊதா நிறத்தில் ஓர் உறையை எடுத்து என் பேரனைக் கூப்பிட்டார். "அங்கிள், எங்கள் புத்தாண்டில் நான் கொடுக்க முடியாது. உங்கள் பண்டிகையில் நான் இவனுக்கு மூத்தவன்தானே?" என்றார். பையன் அவர் காலில் விழப்போனான், பதறிப்போய்த் தூக்கினார். அவர் போனபிறகு பேரன் உறையைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தான். பத்து வெள்ளி நோட்டோடு ஒரு வெள்ளிக் காசும் இருந்தது. மொய் ஒற்றைப்படையில் வைக்கவேண்டும் என்று தேக்காவில் யாரையோ கேட்டுவிட்டு வந்திருக்கிறார்.