அடுப்பை எண்ணுங்கள்

அன்பு மாணவ மாணவியரே,

முதலாண்டு சமூகவியல் விடைத்தாள்களில் தவறாமல் தலைகாட்டும் வாக்கியம் ஒன்று உண்டு: ‘நகரமயமாதலால் கூட்டுக் குடும்பம் சிதைந்து தனிக்குடும்பம் பெருகிவிட்டது.’ இதில் எண்ணிப் பார்த்தது எவ்வளவு, காதில் விழுந்தது எவ்வளவு? இந்தக் கேள்வியைக் கேட்கப் பழகுவதற்குத்தான் இந்தப் பாடமே.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அப்பா, அம்மா, கல்யாணமான இரண்டு மகன்கள். பெரியவர் மாடியில் தனிச் சமையல். சின்னவரின் மனைவி, பிள்ளைகள் கீழே மாமனார் மாமியாரோடு சாப்பிடுகிறார்கள். சின்னவர் திருப்பூரில் வேலை பார்த்துக்கொண்டு மாதம் இரண்டு முறை வந்துபோகிறார். நிலத்தை இன்னும் பாகம் பிரிக்கவில்லை. இங்கே எத்தனை குடும்பம்? பட்டாவைக் கேட்டால் ஒன்று. அடுப்பைக் கேட்டால் இரண்டு. கல்யாணமான ஆண் ஒவ்வொருவருக்கும் தலைக்கட்டு வரி வாங்கும் ஊராக இருந்தால், கோயில் கணக்கில் மூன்று. மூன்றும் பொய்யில்லை, ஒவ்வொன்றும் வேறொரு உறவை அளக்கிறது.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அடுப்பைப் பிடித்துக்கொள்கிறது. வழக்கமாகச் சேர்ந்து வாழ்ந்து, ஒரே சமையலில் சாப்பிடுகிறவர்கள் ஒரு வீட்டார். சமூகவியலாளர் ஐ.பி.தேசாய் குஜராத்தின் மகுவா என்ற ஊரில் செய்த ஆய்வு 1964இல் நூலாக வந்தது. தனித்தனியே குடியிருந்தும் சொத்தாலும் கடமையாலும் பிணைந்திருந்த குடும்பங்களை அதில் காட்டினார். வீட்டாரையும் குடும்பத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக்கூடாது என்று இன்னொரு சமூகவியலாளர் ஏ.எம்.ஷா 1973இல் வந்த தம் நூலில் வற்புறுத்தினார். இன்று தனியாக இருக்கும் தம்பதி, நாளை மகனுக்குக் கல்யாணமானால் கூட்டுக் குடும்பம். ஒருநாள் கணக்கை வைத்துக்கொண்டு ‘சிதைந்துவிட்டது’ என்று எப்படிச் சொல்வது?

சரி, நீங்களே எண்ணுங்கள். ஒரு தெருவை எடுத்து, முதலில் வரைபடம் போட்டு வீடுகளுக்கு வரிசை எண் கொடுங்கள். 120 வீடு இருந்து 30 வேண்டுமென்றால் நான்கில் ஒன்று. 1 முதல் 4 வரை சீட்டுக் குலுக்கி, 3 வந்தால் 3, 7, 11 என்று போங்கள். பெரும்பாலோர் சறுக்குவது பூட்டிய வீட்டில்தான். கதவு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். பகலில் பூட்டிக் கிடப்பது யார் வீடு? கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிற வீடு. அவற்றை விட்டுவிட்டு, வேலைக்குப் போகிற பெண்கள் குறைவு என்று முடிவு எழுதினால், அது உங்கள் சோம்பலின் அளவீடு. அதே வீட்டுக்கு மாலையில் போங்கள், ஞாயிற்றுக்கிழமையும் போங்கள்.

வீட்டுக்குள் ஆளுக்கு ஒரு வரி: உறவுமுறை, வயது, படிப்பு, தொழில், நேற்று இரவு சாப்பிட்டது எந்தச் சமையலில், தூங்கியது எங்கே. கடைசி இரண்டையும் விட்டுவிடாதீர்கள், திருப்பூரில் இருக்கும் சின்ன மகன் அங்கேதான் அகப்படுவார். வயதைக் கேட்டால் முதியவர்கள் 50, 60, 65 என்று முழுசாகச் சொல்வார்கள். மூத்த பிள்ளைக்கு இப்போது என்ன வயது, அது பிறந்தபோது உங்களுக்கு என்ன வயது என்று கேட்டு நெருங்குங்கள்.

‘என்ன வேலை பார்க்கிறீர்கள்?’ என்று பெண்களிடம் கேட்காதீர்கள். ‘சும்மா வீட்டுலதான் இருக்கேன்’ என்று பதில் வரும். சொல்லும்போதே கை பீடி சுற்றிக்கொண்டிருக்கும். கொல்லையில் இரண்டு கறவை மாடு நிற்கும். ‘நேத்து எழுந்ததிலிருந்து படுக்கிற வரைக்கும் என்னென்ன செஞ்சீங்க?’ என்று மணிவாரியாகக் கேளுங்கள். எத்தனை பீடி, எத்தனை லிட்டர் பால், கூலி யார் கைக்கு வருகிறது என்பதெல்லாம் அப்போதுதான் வெளியே வரும். ‘இல்லத்தரசி’ என்று கட்டத்தை நிரப்பி அந்த உழைப்பை அழித்துவிடாதீர்கள், அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதுங்கள்.

எழுதும்போது ‘56.7 சதவீதம்’ என்று போடாதீர்கள். 30 வீட்டில் ஒரு வீடு கூடினாலோ குறைந்தாலோ 3 சதவீதத்துக்கு மேல் நகர்ந்துவிடும். அந்தப் புள்ளிக்குப் பின்னால் வரும் 7க்குப் பொருளே இல்லை. ‘30 வீட்டில் 17’ என்று எழுதி, அதன் கீழேயே எதைக் குடும்பம் என்று எண்ணினீர்கள் என்பதையும் எழுதுங்கள்: அடுப்பா, பட்டாவா, தலைக்கட்டா.