அந்த 398 வாக்குகள்

நடுவர் அவர்களே, அவையில் அமர்ந்திருக்கும் பினாங்கு மக்களே, வணக்கம்.

மலேசியாவில் உள்ளாட்சித் தேர்தல் திரும்பி வந்தால், வேண்டியவர்களுக்குச் சலுகை கொடுத்து ஆதரவு தேடும் தயவு அரசியல் வளருமா, தளருமா என்பது இன்றைய தலைப்பு. தளரும் என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் 2010-ல் சரவாக்கின் சிபு தொகுதியில் நடந்த இடைத்தேர்தலை எடுத்துக்காட்டினார். அன்றைய பிரதமர் நஜிப் அங்குள்ள ரெஜாங் பார்க் குடியிருப்புக்குப் போனார். எங்கள் வேட்பாளரை ஜெயிக்க வையுங்கள், வெள்ளத் தடுப்புக்கு 50 லட்சம் ரிங்கிட் தருகிறேன் என்று மேடையிலேயே பேரம் பேசினார். உண்மைதான். நாடாளுமன்றத் தொகுதிக்கே இப்படி என்றால் வட்டாரத் தேர்தலில் கால்வாய்க்கு ஒரு விலை, தெருவிளக்குக்கு ஒரு விலை வரும் என்றார் தலைவர். நீங்களும் கைதட்டினீர்கள்.

ஆனால் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டாரே! ஜெயித்தது யார்? எதிர்க்கட்சியான ஜனநாயக செயல் கட்சி. வித்தியாசம் 398 வாக்குகள். சின்ன எண்தான், அந்தப் பேரத்தில் மயங்கியவர்களும் இருந்திருப்பார்கள். நிதி ஒதுக்கீட்டுக்குப் பலமில்லை என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனாலும் அந்த 50 லட்சம் வாக்குச்சாவடி வாசல் வரைக்கும்தான் கூட வந்தது. உள்ளே போனவர் தனியாகத்தான் போனார்.

சரி, அந்த வாசலே இல்லாத ஊரில் என்ன நடக்கும்? அதுதான் நம் ஊர். இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி 1965-ல் உள்ளாட்சித் தேர்தலை நிறுத்தினார்கள். தேர்தலைத் திரும்பக் கொண்டு வாருங்கள் என்று பரிந்துரைத்த அரச ஆணையத்துக்குத் தலைவர் நம் செனட்டர் ஆதி நாகப்பன். அரசு கேட்கவில்லை. 1976 உள்ளாட்சிச் சட்டம் தேர்தலை ஒரேயடியாக மூடியது. பினாங்கு 2012-ல் சொந்தமாகச் சட்டம் இயற்றிப் பார்த்தது. 2014-ல் கூட்டரசு நீதிமன்றம் அது செல்லாது என்றது. இன்று கவுன்சிலரை நியமிப்பது மாநில அரசு. கட்சிகள் இடங்களைப் பங்கு பிரித்துப் பெயர்களைக் கொடுக்கின்றன. எதிரணி பயப்படுகிற தயவு அரசியல் இதுதானே ஐயா? தேர்தல் வந்தால் நுழையும் என்கிறீர்கள். அது நாற்காலி போட்டு உட்கார்ந்து பல வருஷமாச்சு.

என் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். பின்பக்கக் கால்வாய் அடைத்துக்கொண்டு, மழை பெய்தால் அடுப்படி வரைக்கும் தண்ணீர். எங்கள் வட்டாரக் கவுன்சிலர் யாரென்றே எனக்குத் தெரியாது. விசாரித்தபோது ஒரு கட்சிக் கிளைத் தலைவரைப் போய்ப் பார்க்கச் சொன்னார்கள். அவர் கேட்ட முதல் கேள்வி, "நீங்க எந்தக் கிளை?" கால்வாய் எங்கே இருக்கிறது என்று கேட்கவில்லை! நான் எந்தக் கிளையிலும் இல்லை என்றேன். மூன்று மாதம் ஆனது. அப்புறம் கட்சிக்காரரான பக்கத்துத் தெரு அண்ணன் ஒரு வார்த்தை சொன்னார். மறுவாரமே ஆட்கள் வந்து தோண்டினார்கள். வருஷத்துக்கு இரண்டு தடவை மதிப்பீட்டு வரி கட்டுகிறவன் நான். என் வீட்டு அடுப்படி காய்வதற்கு இன்னொருவருடைய உறுப்பினர் அட்டை வேண்டியிருந்தது.

இதே ஜார்ஜ்டவுனில் 1951-லேயே நகராட்சித் தேர்தல் நடந்தது. பிறகு மேயரான டி. எஸ். இராமநாதன் ஒரு தமிழர், தொழிற்கட்சிக்காரர். அன்று வாக்குக் கேட்டு வந்தவர்களிடம் நம் தாத்தாமார்கள் கால்வாயைக் காட்டிக் கேள்வி கேட்டிருக்க முடியும்.

எனக்கு அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பரிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். சிபு மக்களுக்கு ஒரு தேதி இருந்தது, ஒரு பெட்டி இருந்தது. எங்கள் வட்டாரத்துக் கவுன்சிலரை நான் எந்தத் தேதியில், எந்தப் பெட்டியில் மாற்றுவது?