ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் பிறந்த 'சட்டவிரோதக் குடியேறி'

வணக்கம் மக்களே. பின்னால் சரசரவென்று ஒரு சத்தம் கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். உப்புத்தாள் போட்டுச் சுவர் தேய்க்கிற சத்தம். புழலில் எங்கள் வீட்டு முன்னறைக்குப் பட்டி பார்த்து நேற்றுதான் காய்ந்தது. அறை முழுக்க வெள்ளைத் தூசி, அதனால் மாடிப்படியில் உட்கார்ந்து பேசுகிறேன்.

வேலை செய்கிற அண்ணனின் முகத்தைக் காட்ட மாட்டேன், பெயரையும் சொல்ல மாட்டேன். "கையை வேணும்னா எடுத்துக்கோ தம்பி" என்றார். இதோ பாருங்கள். இருபது வருடமாகத் தின்னரிலும் சுண்ணாம்பிலும் ஊறிய கை. விரல் நுனியில் ரேகை தேய்ந்து வழவழவென்று இருக்கிறது. ஆதார் மெஷினில் வைத்தால் நாலு தடவைக்கு ஒரு தடவைதான் விழும் என்கிறார்.

இவர் பிறந்தது 1991-ல், நம் ராயபுரம் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில். எங்கள் அண்ணன் பிறந்ததும் அங்கேதான். வளர்ந்தது காவாங்கரை இலங்கைத் தமிழர் முகாமில், இங்கிருந்து நடந்து போகிற தூரம். பேசுவது நம் பேச்சு. கோபம் வந்தால் அசல் வடசென்னை. அவர் அம்மாவிடம் போனில் பேசும்போது மட்டும் "ஓம் அம்மா, வாறன்" என்று வேறு தமிழ் வரும். அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் அரசாங்கத்தின் கணக்கில் இவர் ஒரு சட்டவிரோதக் குடியேறி.

இந்த வீடியோ ஏன் போடுகிறேன் என்றால், முந்தாநாள் காலையில் டீக்கடையில் ஒரு பேச்சு. எனக்குத் தெரிந்த பையன், மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை பார்த்தவன். கான்ட்ராக்டர் மாறியதும் பழைய ஆட்கள் எல்லாரையும் நிறுத்திவிட்டார்கள். அவன் வயிற்றெரிச்சலில் பேசினான். "வடக்கன் வந்தான் வேலை போச்சு, பங்களாதேஷ்காரன் வந்தான் வேலை போச்சு, முகாம்ல இருக்கவனுக்கு மாசாமாசம் காசு, அரிசி. எனக்கு என்ன இருக்கு?" கடையில் நாலு பேர் தலையாட்டினார்கள். அவன் வேலை போனது பொய்யில்லை. வடசென்னைப் பையன் என்று முகவரியைப் பார்த்தவுடனே பயோடேட்டாவை ஓரமாக வைக்கிற ஆட்களை நானும் பார்த்திருக்கிறேன். அதனால் அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் அவன் மூன்று பேரை ஒரே மூட்டையில் கட்டிவிட்டான். அதை நான் பிரித்துத்தான் ஆக வேண்டும்.

பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வருகிறவர் இந்தியக் குடிமகன். நம் ஆள் பெங்களூருக்கும் மும்பைக்கும் போய் வேலை பார்க்கிற அதே உரிமையில்தான் அவர் இங்கே வருகிறார். 'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டத்தில் அவர் இங்கே அரிசி வாங்கினால் அது அவர் ஊர் அட்டைக்குரிய அரிசி. இரண்டாவது, வங்கதேசத்திலிருந்து எந்தப் பதிவும் இல்லாமல் வருகிறவர்கள். எல்லையைத் தாண்டி யார் வருகிறார்கள் என்று ஒரு நாடு தெரிந்து வைத்திருப்பது நியாயம்தான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. வங்காளி பேசினாலே பங்களாதேஷ் என்று முடிவு கட்டுவதில்தான் கருத்து வேறுபாடு. மூன்றாவது, நம் புழலிலும் கும்மிடிப்பூண்டியிலும் இருக்கிற இலங்கைத் தமிழர்கள். இன்று அவர்களைப் பற்றித்தான் பேசப் போகிறேன். ஏனென்றால் சட்டப் புத்தகத்தில் 'சட்டவிரோதக் குடியேறி' என்ற அந்த வார்த்தை ஒட்டியிருப்பது நம் பக்கத்து வீட்டுக்காரர் மேல்.

1983 ஜூலை கலவரத்துக்கு அப்புறம் படகு படகாக வந்தார்கள். ராமேஸ்வரத்தில் இறக்கி, மண்டபம் முகாமில் பதிவு செய்து, அங்கிருந்து மாவட்டம் மாவட்டமாகப் பிரித்து அனுப்பினார்கள். இன்றைக்கும் தமிழ்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள். ஒளிந்து வந்தவர்கள் இல்லை. ஆளுக்கு ஆள் பெயர், போட்டோ, கைரேகை, எல்லாம் அரசாங்கத்திடம் இருக்கிறது. வருவாய்த் துறை ஒரு பக்கம், உளவு பார்க்கிற கியூ பிரிவு போலீஸ் ஒரு பக்கம். மாதாமாதம் செக்கிங் உண்டு, ஆள் நேரில் நிற்க வேண்டும். இந்த நாட்டில் இவர்களை மாதிரி எண்ணப்பட்டவர்கள் வேறு யாரும் இருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம்.

அப்புறம் எப்படி அந்தப் பெயர்? 1955-ன் குடியுரிமைச் சட்டத்தில் 2003-ல் ஒரு திருத்தம் வந்தது. முறையான பாஸ்போர்ட், பயண ஆவணம் இல்லாமல் நுழைந்த வெளிநாட்டவர் சட்டவிரோதக் குடியேறி என்று அதில் எழுதினார்கள். அந்தப் பெயர் விழுந்துவிட்டால் எத்தனை வருடம் இங்கே வாழ்ந்திருந்தாலும் குடியுரிமை கேட்டு விண்ணப்பமே போட முடியாது. குண்டு விழும்போது கிடைத்த படகில் ஏறுகிறவர் விசா வாங்கிக்கொண்டா ஏறுவார்? சரி, வந்தவர் நுழைந்தவர் என்றே வைத்துக்கொள்வோம். ஸ்டான்லியில் பிறந்தவர் எந்தக் கடலைத் தாண்டி நுழைந்தார்?

அண்ணனின் குடும்பத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இதை அவர் சுவரைத் தேய்த்துக்கொண்டே சொன்னார், நான் ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பார்த்தேன். அவர் அக்கா பிறந்தது 1987 பிப்ரவரியில், மண்டபத்தில். 1987 ஜூலை 1-க்கு முன்னால் இந்திய மண்ணில் பிறந்தால், பெற்றோர் யாராக இருந்தாலும் பிறப்பால் குடியுரிமை உண்டு. அதனால் அக்கா இந்தியர். அந்தத் தேதிக்கு அப்புறம் பிறந்தால் அப்பாவோ அம்மாவோ ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். தம்பி பிறந்தது 1991. அதனால் தம்பி இந்தியர் இல்லை. ஒரே அம்மா, ஒரே அப்பா.

இன்னும் கேளுங்கள். அக்காவுக்கு ஒரு மகன், 2006-ல் பிறந்தவன். அம்மா இந்தியர், எனவே பையனுக்குக் கிடைக்கும் என்றுதான் நானும் நினைத்தேன். கிடைக்காது. 2004 டிசம்பர் 3-லிருந்து, ஒருவர் இந்தியராக இருந்தால் மட்டும் போதாது, இன்னொருவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது. பையனின் அப்பா முகாம்காரர். அம்மா இந்தியர், பாட்டி 40 வருடமாக இங்கே இருக்கிறார், பையன் செங்குன்றத்தைத் தாண்டி வெளியூர் அதிகம் பார்த்ததில்லை. அவனும் அந்தப் பட்டியலில்.

அந்தப் பையன் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்திருக்கிறான். ஒரு கம்பெனியில் தேர்வாகி, மெடிக்கல் டெஸ்ட் வரைக்கும் போய்விட்டான். ஆவணம் சரிபார்க்கிற மேசையில் முகாம் அடையாள அட்டையைப் பார்த்ததும் "நாங்கள் கூப்பிடுகிறோம்" என்றார்களாம். கூப்பிடவில்லை. இப்போது மாமனோடு சாரம் கட்டப் போகிறான். இன்றைக்கு வரவில்லை, வேறு சைட்டில் இருக்கிறான்.

டீக்கடைப் பையனுக்கு நான் சொல்ல வேண்டிய விஷயம் இங்கேதான் இருக்கிறது. தம்பி, நீ பார்த்தால் இதை முழுசாகக் கேள். வெளியே பெயிண்டருக்கு ஒரு நாள் கூலி ஆயிரம் ரூபாய் என்றால், அண்ணனுக்கு மேஸ்திரி கொடுப்பது எண்ணூறு. ஏன் என்று கேட்டேன். "கேட்டா நாளைக்குக் கூப்பிட மாட்டான். நான் எங்க போய் நிப்பேன்?" என்றார். கையில் ஒழுங்கான தாள் இல்லாதவரால் கூலி பேச முடியாது. ஒரு சைட்டில் சாரத்திலிருந்து விழுந்து முட்டி உடைந்தபோது நஷ்டஈடு கேட்கவில்லை. போலீஸ், கேஸ் என்று போனால் முகாமில் பதில் சொல்ல வேண்டுமே என்ற பயம். இப்படி ஒரு ஆள் எண்ணூறுக்குக் கிடைக்கிறபோது, பக்கத்துத் தெரு பெயிண்டர் ஆயிரம் கேட்டால் மேஸ்திரி என்ன சொல்வார்? அவருடைய கூலியும் சேர்ந்து இறங்குகிறது. அண்ணன் கையில் குடியுரிமைத் தாளைக் கொடுங்கள், அவரும் ஆயிரம் கேட்பார். அப்போது உள்ளூர் பெயிண்டருக்கும் நிமிர்ந்து பேச முடியும். உன் யார்டிலும் இதேதான் நடந்தது தம்பி. கேள்வி கேட்க முடியாத ஆளாகப் பார்த்து எடுக்கிறார்கள். அதனால் லாபம் பார்ப்பது அந்த ஆள் இல்லை.

அப்புறம் அந்த மாதக் காசு. அதையும் கணக்குப் பார்த்துவிடலாம். 2021 ஆகஸ்டில் சட்டமன்றத்தில் முதல்வர் ஸ்டாலின் 317 கோடி ரூபாய் திட்டம் ஒன்றை அறிவித்தார். 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றினார்கள், இடிந்த வீடுகளைக் கட்டித் தருவதாகச் சொன்னார்கள், பணக்கொடையையும் கூட்டினார்கள். குடும்பத் தலைவருக்கு 1500, மற்றப் பெரியவருக்கு 1000, பிள்ளைக்கு 500. புருஷன், பெண்டாட்டி, இரண்டு சின்னப் பிள்ளை என்றால் மொத்தம் 3500. நாலு பேருக்கு ஒரு நாளைக்கு 117 ரூபாய்கூட முழுசாக வராது. செக்கிங் நாளில் நேரில் நிற்க அண்ணன் ஒரு நாள் வேலையை விடுகிறார், அதிலேயே எண்ணூறு போய்விடுகிறது. இதற்காக யாரும் கடல் தாண்டி வர மாட்டார்கள் மக்களே. அவர்கள் வாங்குகிற சோப்புக்கும் பிஸ்கட்டுக்கும் நம்மை மாதிரியே வரி கட்டுகிறார்கள். ஆனால் சம்பாதித்த காசில் இரண்டு சென்ட் நிலம் வாங்க ரிசர்வ் வங்கியிடம் அனுமதி கேட்க வேண்டும். அரசு வேலைக்குப் பரீட்சை எழுத முடியாது. ஓட்டும் கிடையாது, அதனால் அவர்களுக்காகத் தொண்டை கிழியப் பேசினாலும் எந்தக் கட்சிக்கும் ஒரு ஓட்டுகூட அதிகமாகக் கிடைக்காது. 40 வருடம் இது தீராமல் இருப்பதற்கு அது பெரிய காரணம் என்று நான் நம்புகிறேன்.

என் சொந்த வீட்டுக் கதை ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஆயா ரங்கூனில் பிறந்தவர். 1962-ல் அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்தது, 1964-ல் கடைகளை எல்லாம் அரசுடைமை ஆக்கினார்கள். பரம்பரையாக இருந்த தமிழர்களைப் பார்த்து, நீங்கள் வெளிநாட்டுக்காரர்கள் என்றார்கள். ஆயா கப்பலில் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கும்போது இடுப்பில் எங்கள் அம்மா, கையில் ஒரு தகரப் பெட்டி. வியாசர்பாடியில் குடிசை போட்டார்கள். "பர்மாக்காரி" என்று தெருக்குழாயில் சண்டை போடுவார்களாம். ஆனாலும் தாயகம் திரும்பியவர்கள் என்று அரசாங்கம் அவர்களை ஏற்றுக்கொண்டது. கடன் கொடுத்தது, இடம் கொடுத்தது. இன்றைக்கு பாரிமுனையில் வரிசையில் நின்று அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் வாங்கித் தின்கிறோமே, அது அப்படி வந்தவர்கள் போட்ட கடை. அந்த ஒரு தாள் ஆயாவுக்குக் கிடைத்ததால்தான் எங்கள் அம்மா டீச்சர் ஆனார், நான் இந்த வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறேன். அண்ணனின் அம்மா வந்ததும் அதே வங்காள விரிகுடாவின் ஓரமாகத்தான், இருபது வருடம் கழித்து.

இதில் மலையகத் தமிழர்களை நினைத்தால் இன்னும் கஷ்டமாக இருக்கும். வெள்ளைக்காரன் காலத்தில் நம் ஊர்களிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போன குடும்பங்கள். 1948-ல் இலங்கை அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964-ல் நம் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தில் ஐந்தே கால் லட்சம் பேரை இந்தியா எடுத்துக்கொள்வதாகக் கையெழுத்துப் போட்டது. அந்த வம்சத்தில் வந்தவர்களும் முகாம்களில் இருக்கிறார்கள். 2019-ல் அப்படி 65 பேரின் வழக்கில், குடியுரிமைக் கோரிக்கையைப் பரிசீலிக்கும்படி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சொன்னது. அதே வருடம் டிசம்பரில், பக்கத்து நாடுகளிலிருந்து வந்த சிறுபான்மையினருக்குக் குடியுரிமை கொடுக்கக் கொண்டுவந்த சட்டத் திருத்தத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றும் இருந்தன. இலங்கை இல்லை.

2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்தில் ஒரு இலங்கைத் தமிழரின் மனுவைத் தள்ளும்போது, இந்தியா ஒன்றும் தர்மசத்திரம் இல்லை, 140 கோடி பேரோடு நாமே திணறுகிறோம் என்று சொன்னார்கள். அது யுஏபிஏ என்கிற சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்ட வழக்கில் தண்டனை பெற்றவருடைய மனு, அது வேறு. ஆனால் அந்த ஒரு வார்த்தை வாட்ஸ்அப்பில் முகாம் முழுக்கச் சுற்றியிருக்கிறது. அண்ணன் சொன்னார், "சத்திரத்துல ஒரு ராத்திரி தங்குவாங்க தம்பி. நான் பொறந்து முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு." சொல்லிவிட்டு உப்புத்தாளை மடித்து மறுபக்கம் திருப்பினார்.

நல்லதும் கொஞ்சம் நடந்திருக்கிறது. 1986-ல் மண்டபத்தில் பிறந்த ஒரு பெண் நீதிமன்றம் போய் 2022-ல் தீர்ப்பு வாங்கி, பாஸ்போர்ட் எடுத்து, 2024 மக்களவைத் தேர்தலில் ஓட்டுப் போட்டார். அண்ணனின் அக்கா அந்தச் செய்தித்தாளை வெட்டி வைத்துக்கொண்டு இப்போது விண்ணப்பம் போட்டிருக்கிறார். 2025 செப்டம்பரில் புதிய குடிவரவுச் சட்டம் வந்தபோது, 2015 ஜனவரி 9-க்குள் வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களைத் தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்கினார்கள். ஜெயில் பயம் போனது. ஆனால் குடியுரிமை அதில் வரவில்லை. அண்ணன் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள், 2012-ல் பிறந்தவள். கலெக்டர் ஆவேன் என்கிறாளாம். அந்தப் பரீட்சைக்கு இந்தியக் குடிமகளாக இருக்க வேண்டும் என்று இவர் இன்னும் அவளிடம் சொல்லவில்லை.

சத்தம் நின்றுவிட்டது, தேய்த்து முடித்துவிட்டார் போலிருக்கிறது. இரண்டு மணிக்குள் பிரைமர் அடித்துவிடுகிறேன் என்றார். முதல் கோட்டிங் நாளைக்கு அடிக்கலாமா என்று கேட்டேன். நாளைக்குச் செக்கிங் இருக்கிறதாம், மறுநாள்தான் வருவார். அதுவரை சுவர் வெள்ளையாக இருக்கட்டும். அவருக்குச் சாப்பாடு எடுத்து வைக்கணும், நான் போகிறேன் மக்களே.