சந்தேகங்களுக்கு விளக்கம்: கார் விளம்பரம்தான் நிக் ட்ரேக்கைக் காப்பாற்றியதா?

போன காணொளியைக் கேட்டுவிட்டு ஒருவர் அனுப்பிய கேள்வி இது. "1999-இல் அந்தக் கார் விளம்பரம் மட்டும் வராமல் போயிருந்தால் நிக் ட்ரேக்கை இன்று யாருக்குத் தெரியும்?" இரண்டு நாளாக இது என்னைக் குடைந்துகொண்டே இருக்கிறது.

பாதி சரிதான். அந்த விளம்பரத்தில் பாட்டு வந்த பிறகுதான் பலருக்கு அவரைத் தெரிந்தது. தானே பாட்டெழுதி கிட்டாரோடு பாடிய அந்த ஆங்கிலேயர் உயிரோடு இருந்தபோது மூன்று இசைத்தட்டுகள் வந்தன. ஒன்றுகூட 5,000 பிரதிகளைத் தொடவில்லை. மேடை ஏறினால் பாட்டுக்குப் பாட்டு கிட்டாரின் தந்திகளை வேறு சுருதிக்கு மாற்றிக்கொண்டிருப்பார். அதற்குள் கூட்டம் பேச ஆரம்பித்துவிடும். 1974-இல், 26 வயதில் போய்ச் சேர்ந்துவிட்டார். விளம்பரத்தில் வந்தது 'பிங்க் மூன்' என்ற பாட்டு. அதே பெயரில் வந்த மூன்றாவது தட்டு முழுவதும் இரண்டே இரவுகளில் பதிவானது. குரல், கிட்டார், ஒரே ஒரு பாட்டில் கொஞ்சம் பியானோ, அவ்வளவுதான்.

ஆனால் விளம்பரம் எடுத்தவர் கைக்கு அந்தப் பாட்டு எப்படிப் போனது? இங்கே வழக்கமாகக் கேட்பவர்களுக்கு என் பதில் தெரியும். யாரோ பத்திரமாக எடுத்து வைத்திருந்தார்கள்! முதல் இரண்டு தட்டுகளைத் தயாரித்த ஜோ பாய்ட், தன் நிறுவனத்தை ஐலண்ட் ரெக்கார்ட்ஸுக்கு விற்றபோது ஒரு நிபந்தனை போட்டார். நிக் ட்ரேக்கின் தட்டுகளை விற்பனைப் பட்டியலிலிருந்து ஒருபோதும் நீக்கக் கூடாது. விற்காத சரக்குக்கு இப்படி ஒரு நிபந்தனை! 1979-இல் மூன்றையும் ஒரே பெட்டியாகவும் போட்டார்கள். விளம்பரத்துக்கு 20 வருஷம் முன்னால்.

சரி, நீங்கள் கேட்காத கேள்விக்கு வருகிறேன். அவர் பாட்டில் இருக்கும் அந்தச் சோகம் எங்கிருந்து வந்தது? அம்மா மோலி ட்ரேக்கைக் கேளுங்கள். ரங்கூனில் பிறந்தவர், நிக் பிறந்ததும் அங்கேதான். வீட்டுப் பியானோ முன் உட்கார்ந்து, தானே எழுதியதைத் தானே பாடுவார். கணவர் ராட்னி அதை டேப்பில் பதிந்து வைத்தார். பாருங்கள், இங்கேயும் எடுத்து வைத்த ஒருவர். மோலி 1993-இல் காலமானார். அந்தப் பாடல்கள் தொகுப்பாகக் கடைக்கு வந்தது 2013-இல். முதல்முறை கேட்டபோது பாதியில் நிறுத்திவிட்டு மகனுடைய பாட்டைப் போட்டேன். ஒருவர் நிறுத்திய இடத்தில் இன்னொருவர் தொடங்கியது போல இருந்தது.

மோலியை மறந்துவிட்டார்கள் என்றுகூடச் சொல்ல முடியாது. வெளியே யாரும் கேட்டதே இல்லையே. அடுத்த காணொளி முழுக்க மோலிதான். அதற்குள் இன்னொருவர் அந்தக் கார் விளம்பரத்தைப் பற்றிக் கேட்டுவிடாதீர்கள்.