ஓட்டா, நோட்டா? பட்டிமன்றத்துல "நோட்டே" அணிப் பேச்சு

நடுவர் அய்யா, ரெண்டு அணி, முன்வரிசை, பந்தலுக்கு வெளிய நிக்கிறவங்க, எல்லாருக்கும் வணக்கம். மருத்துவக் கொள்கைய முடிவு பண்றது மக்கள் ஓட்டா, கம்பெனி நோட்டா? நான் நோட்டுதான்னு சொல்ல வந்திருக்கேன்.

எதிரணி அண்ணன் ஒரு போடு போட்டாரே, "கம்பெனி கட்சிக்கு குடுக்கறது கோயில் காணிக்கை மாதிரி, ஒண்ணும் எதிர்பாக்காது"ன்னு. நீங்களும் கை தட்டுனீங்க! அண்ணே, எங்க ஊரு மாரியம்மன் கோயில்ல ஒரு டியூப்லைட் இருக்கு. உபயம்னு பேரு எழுதுனாரு, சரி. அப்பா பேரு, தாத்தா பேரு, கடை பேரு, கடை போன் நம்பரு... லைட்டு எரியுது, வெளிச்சம் வரல! பூசாரி அந்த லைட்டுக்கு கீழயே அகல்வெளக்கு வச்சுத்தான் அம்மன் மூஞ்சிய பாக்குறாரு. ஒத்த டியூப்லைட்டுக்கு மூணு தலைமுறைய எழுதுறான் எங்க ஊருக்காரன், கோடி கோடியா குடுக்கறவன் மட்டும் எம்பேரு வெளிய வேண்டாங்கறான், அது காணிக்கையாண்ணே? போன் நம்பரு கூட போடலியே!

2018ல தேர்தல் பத்திரம் வந்துச்சு, அதாவது பேங்க்ல பத்திரமா வாங்கி, பேரு வெளிய தெரியாம கட்சிக்கு நன்கொடையா குடுக்கறது, யாரு யாருக்கு குடுத்தான்னு ஓட்டு போடற நமக்கு தெரியாது. கம்பெனி தன் லாபத்துல 7.5 சதவீதம்தான் கட்சிக்கு குடுக்கலாம்னு இருந்த வரம்ப 2017லயே தூக்கியாச்சு. 2024 பிப்ரவரில சுப்ரீம் கோர்ட் செல்லாதுன்னு சொல்லி லிஸ்ட் வெளிய வந்தா, வரிசையா மருந்து கம்பெனி! வாங்குனதுல ஆளுங்கட்சியும் உண்டு, எதிர்க்கட்சியும் உண்டு, அதுல மட்டும் நல்ல ஒத்துமை.

2023 ஆகஸ்ட்ல டாக்டருங்க கம்பெனி வச்ச பேர எழுதாம மருந்தோட பொதுப்பேரு, அதான் ஜெனரிக் பேருதான் எழுதணும், கம்பெனி செலவுல கருத்தரங்கு போகக்கூடாதுன்னு தேசிய மருத்துவ ஆணையம் விதி போட்டுச்சு. டாக்டர் சங்கமும் கம்பெனி சங்கமும் மந்திரிய போய் பாத்தாங்க, அந்த மாசமே விதிய நிறுத்தி வச்சாச்சு. இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு வைக்கிற ஸ்டென்ட் விலைய 2017ல அரசாங்கம் குறைக்கலியாம்பீங்க, அதுவும் ஒரு வக்கீல் டெல்லி ஹைகோர்ட் படியேறுன பொறகுதான்.

மணி அடிக்காதீங்கய்யா, ஒரு நிமிஷம். நேத்து மெடிக்கல்ல எனக்கு முன்னாடி ஒரு அம்மா, முந்தானை முடிச்ச அவுத்து காச எண்ணிட்டு, "பத்து வேணாந்தம்பி, மூணு மட்டும் வெட்டிக் குடு, மிச்சத்த கூலி வந்ததும் வாங்கிக்கிறேன்"னாங்க. அந்தம்மா எந்த மந்திரிய போய் பாக்கும்? எந்த சங்கத்துல இருக்கு? எங்களுக்கு தீர்ப்பு தராட்டியும் பரவால்ல நடுவரய்யா, அண்ணனோட அந்த காணிக்கைப் பேச்ச மட்டும் தள்ளுபடி பண்ணிருங்க. நான் உக்காந்துட்டேன்.