அரை டன் கருவியும் அறுந்த கயிறும்

(பட்டிமன்றத் தலைப்பு: ஆங்கிலேயப் படை அதிகாரி வில்லியம் லாம்டன் இந்தியாவை அளந்தது ஆட்சிக்காகவா, அறிவுக்காகவா? ‘அறிவுக்காகவே’ என்னும் அணியில் இரண்டாவதாகப் பேசியவரின் உரை.)

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். மணியின் மேல் நடுவர் இப்போதே கை வைத்துவிட்டார் என்பதால் வணக்கத்தை இத்தோடு முடித்துக்கொள்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் ஒரு வெடியைக் கொளுத்திப் போட்டுவிட்டு அமர்ந்திருக்கிறார். “ஒரு வீட்டின் சுவரையும் வாசலையும் அளப்பவர்கள் இரண்டே பேர்தான். ஒருவர் கொத்தனார், இன்னொருவர் திருடன். கொத்தனாரை நாம் கூப்பிட்டால்தான் வருவார். லாம்டனை யார் கூப்பிட்டது?” என்று கேட்டார். நீங்களும் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன், நல்ல வரிக்குத் தட்டாமல் இருக்க முடியாது. ஆனால் நண்பர் மூன்றாவது ஆளை மறந்துவிட்டார். பெண் பார்க்க வருகிற மாப்பிள்ளை வீட்டார் இருக்கிறார்களே, அவர்கள் காப்பித் தம்ளரைக் கையில் வாங்குவதற்குள் கூடம் எத்தனை அடி, கொல்லை எத்தனை சென்ட் என்று கண்ணாலேயே அளந்து முடித்துவிடுவார்கள். அவர்களைத் திருடர்கள் என்று சொல்லிவிட்டு நண்பர் இந்த மண்டபத்தை விட்டு வெளியே போய்விட முடியுமா என்று பார்ப்போம்.

போகட்டும். திருடன் என்றே வைத்துக்கொள்வோம். திருடன் அளந்தால் சொத்து கூட வேண்டும் அல்லவா? லாம்டன் சென்னையிலிருந்து மங்களூர் வரைக்கும் முக்கோணம் முக்கோணமாகக் கணக்குப் போட்டுக்கொண்டு போய்ப் பார்த்தபோது, பழைய வரைபடங்களில் 400 மைல் என்று இருந்த அகலம் 360 மைல்தான் என்று தெரிந்தது. கும்பினியின், அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியின், வரைபடத்திலிருந்து ஒரே கணக்கில் 40 மைல் காணாமல் போய்விட்டது. தன் முதலாளியின் சொத்தையே குறைத்துக் காட்டிய திருடனை உலகத்தில் வேறு எங்காவது பார்த்திருக்கிறீர்களா?

இவர் யார் என்பதை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். யார்க்‌ஷயரில் எளிய குடும்பத்தில் பிறந்தவர். 33ஆம் காலாட்படையில் அதிகாரி. நாற்பதைத் தாண்டிய வயதில் இந்தியாவுக்கு வந்து, 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணத்துப் போரில் ஜெனரல் பேர்டு என்பவரின் கீழ்ப் பணியாற்றினார். அந்தப் போரில் ஓர் இரவு, வடக்கே தங்கள் பாசறைக்குத் திரும்புவதாக நினைத்துக்கொண்டு படை நடக்கிறது. லாம்டன் அண்ணாந்து நட்சத்திரங்களைப் பார்த்துவிட்டு, “ஐயா, நாம் தெற்கே, திப்புவின் படை இருக்கும் பக்கம் போய்க்கொண்டிருக்கிறோம்” என்கிறார். வழி தெரிந்துகொள்ள நட்சத்திரம் தேவையில்லை என்று ஜெனரல் எரிந்துவிழுகிறார். சற்று நேரத்தில் எதிரியின் காவலர்கள் மேலேயே போய் முட்டிக்கொள்கிறார்கள். பிறகு திசைகாட்டியை எடுத்துப் பார்த்தால் நட்சத்திரம் சொன்னதுதான் சரி.

“அந்தப் போரின் வெற்றிக்குப் பிறகுதானே நில அளவைத் திட்டமே பிறந்தது, பிடித்த நாட்டை அளக்கத்தானே 33ஆம் படையின் தளபதி ஆர்தர் வெல்லெஸ்லி பரிந்துரை செய்தார்?” என்று எதிரணியில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அதற்கு நேராகப் பதில் சொல்ல எனக்கு நேரம் போதாது; என் அணித் தலைவர் சொல்வார்.

நான் பரங்கிமலைக்கு வருகிறேன். 1802 ஏப்ரல் 10. பரங்கிமலையின் அடிவாரத்திலிருந்து பெரும்பாக்கம் பக்கம் வரை ஏறத்தாழ ஏழரை மைல் தூரத்தை லாம்டன் அளக்கத் தொடங்குகிறார். எல்லாக் கணக்குக்கும் ஆதாரமான அடிக்கோடு இதுதான்; முக்கோணத்தின் ஒரு பக்கத்தையும் கோணங்களையும் அளந்துவிட்டால் மற்றப் பக்கங்களைக் கணக்கிலேயே பிடித்துவிடலாம். இந்த ஒரு கோடு பிசகினால் இமயம் வரைக்கும் பிசகும். நூறு அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி. அதில் இரண்டரை அடிக் கம்பிகள் நாற்பது. அந்தச் சங்கிலியைத் தரையில் இழுத்துப்போட்டு அளக்கவில்லை. முக்காலிகளை நிறுத்தி, அவற்றின் மேல் மரப்பெட்டிகளை வரிசையாக வைத்து, அந்தப் பெட்டிகளுக்குள் சங்கிலியைக் கிடத்தி, பக்கத்திலேயே வெப்பமானியை வைத்து, வெயிலில் எஃகு எவ்வளவு நீண்டது என்று கணக்கிட்டுக் கழித்தார்கள். இப்படி நானூறு முறை. வேலை முடியும்போது மே மாதம். சென்னையில் கத்திரி வெயில் என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மனிதர்களே உருகுகிற வெயிலில், சங்கிலி மயிரிழை நீண்டதற்குக் கவலைப்பட்ட மனிதர் அவர். வரி வாங்க வந்தவனுக்கு மயிரிழை எதற்கு, நடுவர் அவர்களே? வரி வாங்குகிறவனுக்கு ஏக்கர் போதும்.

அந்தச் சங்கிலிக்கும் ஒரு கதை உண்டு. 1793இல் ஆங்கிலத் தூதுக்குழு ஒன்று அதைச் சீனப் பேரரசருக்கு என்று கொண்டுபோனது. பேரரசர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அது கல்கத்தாவுக்கு வந்து, அங்கிருந்து லாம்டன் கைக்கு வந்தது. சீனச் சக்கரவர்த்தி வேண்டாம் என்று தள்ளிய பொருள் நம் பரங்கிமலையில் வெயில் காய்ந்திருக்கிறது.

அடுத்தது தியோடலைட் என்கிற கோணமானி. லண்டனில் வில்லியம் கேரி என்பவர் செய்த அந்தக் கருவியில், கோணம் அளக்கும் பித்தளை வட்டத்தின் குறுக்களவு மட்டும் மூன்று அடி. எடை அரை டன். அதாவது ஐம்பது கிலோ அரிசி மூட்டைகள் பத்து. அது கப்பலில் வரும்போது பிரெஞ்சுக்காரர்கள் வழியில் பிடித்து மொரீசியசுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பெட்டியைத் திறந்து பார்த்த பிறகு, இது அறிவியல் கருவி என்று தெரிந்ததும், அங்கிருந்த பிரெஞ்சு ஆளுநர் மரியாதையாகச் சென்னைக்கு அனுப்பிவைத்தார். பிடிபட்டது பீரங்கியாக இருந்தால் பகைவன் திருப்பி அனுப்புவானா? லாம்டன் யாருக்காக அளந்தார் என்று பிரெஞ்சுக்காரனுக்கே புரிந்திருக்கிறது, எதிரணிக்குத்தான் புரியவில்லை.

இப்போது தஞ்சாவூர். இதற்காகத்தான் நான் இந்த மேடைக்கே வந்தேன்.

1808. லாம்டன் காவிரிப் படுகைக்கு வந்து சேர்கிறார். முக்கோண அளவைக்கு உயரமான இடம் வேண்டும்; ஓர் உச்சியிலிருந்து இன்னோர் உச்சி தெரிய வேண்டும். தஞ்சையில் மலைக்கு எங்கே போவது? எந்தப் பக்கம் திரும்பினாலும் வயல், வயலுக்கு அப்பால் தென்னை, தென்னைக்கு அப்பால் மறுபடியும் வயல். அந்தச் சமவெளியில் தலை நிமிர்ந்து நிற்பவை கோயில்கள் மட்டும்தான். அதனால் பெரிய கோயில் விமானத்தின் மேல் அரை டன் கருவியை ஏற்றுவது என்று முடிவாகிறது. இருநூறு அடிக்கு மேல் உயரம்.

நினைத்துப் பாருங்கள். கீழே ஒரு கூட்டம் கயிற்றை இழுக்கிறது. கருவி சுவரில் மோதாமல் இருக்கப் பக்கவாட்டில் இன்னொரு கயிறு பிடித்திருக்கிறார்கள். பத்து மூட்டை அரிசி எடையுள்ள பித்தளை, பெட்டிக்குள் இருந்தபடியே, அந்தரத்தில் ஒவ்வொரு சாணாக மேலே போகிறது. லாம்டன் கீழே நிற்கிறாரா, மேலே நிற்கிறாரா? எங்கே நின்றாலும் அவர் உயிர் அந்தப் பெட்டிக்குள்தான் இருந்திருக்கும். அப்போது அந்தப் பக்கவாட்டுக் கயிறு அறுந்தது. கருவி ஊசலாடிப் போய்க் கோயில் சுவரில் மோதியது.

நம் ஊர்க்காரர்கள் ஒன்று சொல்வார்கள். விமானத்தின் உச்சிக் கல் எண்பது டன் என்பார்கள். சாரப்பள்ளம் என்ற ஊரிலிருந்து சாரம் கட்டி ஏற்றினார்கள் என்பார்கள். அது சரியோ தவறோ, ஊர் நம்புகிறது. எண்பது டன்னை ஏற்றியவர்கள் சாரத்தை நம்பினார்கள். அரை டன்னை ஏற்ற வந்தவர்கள் கயிற்றை நம்பினார்கள். தஞ்சாவூர்க்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

பித்தளை வட்டம் கோணிப்போய்விட்டது. கோணத்தை அளக்க வந்த கருவியே கோணல். நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? கயிறு வாங்கியவன் யார் என்று விசாரணை வைத்திருப்போம். லாம்டன் அந்தக் கருவியை எடுத்துக்கொண்டு ஒரு கூடாரத்துக்குள் போய்ச் சாத்திக்கொண்டார். ஆறு வாரம். சில கைவினைஞர்களைத் தவிர யாருக்கும் உள்ளே அனுமதி இல்லை. பெரிய மரப்பலகையில் வட்டம் முன்பு எந்த அளவில் இருந்ததோ அதே அளவில் ஒரு வட்டத்தை வெட்டினார். கோணிய பித்தளையை அதன் மேல் வைத்து, ஆப்பு அடித்தும், திருகு வைத்தும், கப்பி கட்டி இழுத்தும், இங்கே ஒரு இம்மி, அங்கே ஒரு இம்மி என்று பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார். வீட்டில் மிக்சி ரிப்பேர் என்றால் மூன்றாம் நாள் புதியதை வாங்கிவிடுகிற காலத்தில் இருக்கிறோம். ஐம்பது வயதைக் கடந்த ஒருவர் ஆறு வாரம் ஒரு வட்டத்தின் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். வெளியே வந்தபோது கருவி மறுபடியும் அளந்தது. அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் அளந்தது.

அந்தக் கோயிலைக் கட்டியவன் யார்? ராஜராஜன். அவன் காலத்தில் சோழ நாடு முழுவதும் நிலம் அளக்கப்பட்டது. அந்த அளவையை நடத்திய அதிகாரிக்கு ‘உலகளந்தான்’ என்றே பெயர் வந்தது. வேலி என்கிற அளவை 5,242 கோடிப் பங்காகப் பிரித்து அதில் ஒரு பங்கு வரைக்கும் கணக்கு எழுதியிருக்கிறார்கள் என்று வரலாற்று அறிஞர்கள் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். அது எதற்காக? வரிக்காக. வரிக்காக அளந்தால் திருடன் என்றால், நண்பர் முதலில் ராஜராஜனைக் கூண்டில் ஏற்றட்டும். அதைத் தஞ்சாவூரில் வைத்துச் செய்யட்டும். நான் முன்வரிசையில் சீட்டுப் பிடித்து வைக்கிறேன். உலகளந்தவன் கோயிலில் உலகளக்க வந்தவனின் கருவி மோதியது என்றால், அது விபத்து இல்லை, நடுவர் அவர்களே. “நீயும் அளக்க வந்தாயா, வா, கொஞ்சம் கவனமாக அள” என்று பெருவுடையார் வைத்த குட்டு.

மணி அடித்துவிட்டீர்கள். ஒரு நிமிடம் கொடுங்கள்.

கும்பினி ஆட்சிக்காகத்தான் அவர் உழைத்தார் என்றால், கும்பினி அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியிருக்க வேண்டும். சென்னையில் நிதிக் குழுவில் இருந்த ஒரு பெரிய மனிதர் என்ன சொன்னார் தெரியுமா? ஸ்ரீரங்கப்பட்டணம் போக வேண்டுமென்றால் பல்லக்குத் தூக்குகிற தலைமை ஆளிடம் சொன்னால் போதும், லாம்டனின் வரைபடம் இல்லாமலே அவன் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவான் என்றார். பூமிப்பந்தின் வளைவைக் கண்டுபிடிக்கிறேன் என்கிற மனிதரைப் பல்லக்குக்காரருக்குப் போட்டியாளர் என்று நினைத்தவர்களிடம்தான் அவர் இருபது ஆண்டுகளுக்கு மேல் செலவுக்குப் பணம் கேட்டுக் காலம் தள்ளினார்.

1818இல் அவரிடம் உதவியாளராக வந்தவர் ஜார்ஜ் எவரெஸ்ட். முதுமையால் தளர்ந்திருந்த லாம்டன், கோணமானியைச் சரிசெய்ய எழுந்தால் மட்டும் கந்தலை உதறிய கிரேக்கக் காவிய வீரன் யூலிசிஸ் போல இளமை திரும்பியவராக இருப்பார் என்று எவரெஸ்ட் எழுதிவைத்திருக்கிறார். அந்த உதவியாளர் பெயர் உலகத்தின் மிக உயர்ந்த மலைக்குப் போனது. குரு, 1823 ஜனவரி 20 அன்று, மகாராஷ்டிரத்தில் ஹிங்கன்காட் என்ற ஊரில், அளவை வேலைக்காக நாகபுரியை நோக்கிப் போகிற வழியில் இறந்தார். கல்லறையும் அங்கேதான் இருக்கிறது. தூக்கிப்போக ஊரும் இல்லை, உறவும் இல்லை. தெற்கிலிருந்து வடக்கே அவர் அளந்துகொண்டு போன கோடு பாதி வழியில் நின்றது. சீடர் அதை இமயத்தின் அடிவாரம் வரைக்கும் கொண்டுபோய் முடிக்கும்போது 1841.

நடுவர் அவர்களே, என் அப்பா நில அளவைத் துறையில் செயின்மேனாக வேலை பார்த்தவர். சர்வேயர் ஒரு முனையில் நின்று நோட்டில் எழுதுவார். அப்பா மறுமுனையில் சங்கிலியின் பித்தளைக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். சித்திரை மாதத்தில் அந்தப் பிடி சுடும். துண்டைச் சுற்றிப் பிடித்தால் சங்கிலி வழுக்கும், அரை விரற்கடை தப்பும் என்று வெறுங்கையாலேயே பிடிப்பார். அவர் வலது உள்ளங்கையில் பெருவிரலுக்குக் கீழே ஒரு தழும்பு உண்டு. சின்ன வயதில் நான் அதைத் தடவிப் பார்த்துக்கொண்டே தூங்கியிருக்கிறேன். அவருக்கு அந்த நிலத்தில் ஒரு சென்ட் கிடையாது. வரி யாருக்குப் போகிறது என்றும் அவர் கேட்டதில்லை. அளவு தப்பக்கூடாது, அவ்வளவுதான்.

இன்று மாலை கிளம்பும்போது அப்பாவிடம் தலைப்பைச் சொன்னேன். பரங்கிமலை வெயிலையும், மரப்பெட்டிகளையும், நானூறு முறை சங்கிலி மாற்றியதையும் சொன்னேன். மலைமேல் லாம்டனுக்கு மார்பளவுச் சிலை வைத்திருப்பதையும் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஆட்சியா அறிவா என்பதைப் பற்றி அவர் ஒன்றுமே சொல்லவில்லை. “சரிடா, மறுமுனையைப் பிடிச்சது யாரு?” என்று மட்டும் கேட்டார்.

நன்றி. வணக்கம்.