நோக்கியா தன் கையாலேயே சாகடித்த போன்! | என்9 கதை

(திரையில்: இரண்டு போன்கள் அருகருகே)

இந்த இரண்டு போன்களையும் நன்றாகப் பாருங்கள். ஒரே வளைவு, ஒரே நிறம், அச்சில் வார்த்த அண்ணன் தம்பி மாதிரி இருக்கின்றன. இடதுபக்கம் நோக்கியா என்9, 2011 ஜூனில் அறிமுகமானது. வலதுபக்கம் லூமியா 800, அதே வருடம் அக்டோபரில் வந்தது. இதில் அண்ணனுக்கு எதிர்காலம் கிடையாது என்று, அது வெளியே வருவதற்கு நான்கு மாதம் முன்பே முடிவு செய்துவிட்டார்கள். செய்தது போட்டிக் கம்பெனி இல்லை, பெற்றெடுத்த நோக்கியாவேதான்.

வணக்கம் நண்பர்களே. பழைய கதையை வேகமாக ஓட்டிவிடுகிறேன். டார்ச் வைத்த 1100 உங்கள் வீட்டிலும் இருந்திருக்கும். 2003-ல் வந்து 25 கோடிக்கு மேல் விற்ற போன். ஸ்மார்ட்போனில் நோக்கியாவுக்கு சிம்பியன் என்ற இயங்குதளம் (போனை ஓட்டும் அடிப்படை மென்பொருள்) இருந்தது. 2007-ல் உலகத்தில் விற்ற ஸ்மார்ட்போன்களில் ஏறக்குறைய பாதி நோக்கியா. அதே வருடம் ஐபோன், அடுத்த வருடம் ஆண்ட்ராய்டு. சிம்பியன், மெமரி பஞ்சமாக இருந்த காலத்தில் கையடக்கக் கணினிகளுக்காக எழுதிய மென்பொருளிலிருந்து வளர்ந்தது. பைட் பைட்டாக மிச்சம் பிடிக்கும், பேட்டரியும் நிற்கும். ஆனால் அதற்கு ஆப் எழுதுகிறவர்கள் பட்ட பாடு சொல்லி மாளாது. விரலால் தொடும் திரைக்கும் அது ஒத்துவரவில்லை.

இது நோக்கியாவுக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள். 2005-லேயே லினக்ஸ் அடிப்படையில் 770 என்ற டேப்லெட்டை விட்டார்கள். 2009-ல் அதே வழியில் என்900 போன். 2010-ல் இன்டெலோடு சேர்ந்து மீகோ என்ற புது இயங்குதளம். நடுவில், 2008-ல் ட்ரோல்டெக் என்ற நார்வே கம்பெனியையே வாங்கினார்கள். அவர்களுடைய க்யூட்டி என்ற கருவியில் எழுதினால், பழைய சிம்பியனுக்கும் புதிய மீகோவுக்கும் ஆப்களை ஒரே கையாக எழுதலாம். பழைய வீட்டில் குடியிருந்துகொண்டே பக்கத்தில் புது வீடு கட்டும் திட்டம். எனக்கு இது இன்றைக்கும் நல்ல திட்டமாகத்தான் தெரிகிறது.

சரி, அந்தப் புது வீட்டுக்குள், அதாவது மீகோவில் ஓடும் என்9-க்குள் போவோம். இங்கே கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

(திரையில்: என்9, நெருக்கமாக)

முன்பக்கத்தில் ஒரு பட்டன்கூட இல்லை. 2011-ல் ஐபோனுக்குக் கீழே வட்டப் பட்டன் இருந்தது. ஆண்ட்ராய்டு போன்களில் வரிசையாகப் பட்டன்கள். இதில் திரை மட்டும்தான். ஆப்பை விட்டு வெளியே வர, ஓரத்திலிருந்து விரலை உள்ளே இழுத்தால் போதும். மேலிருந்து கீழே இழுத்தால் ஆப் மூடிக்கொள்ளும். இரண்டு தட்டு தட்டினால் திரை விழிக்கும். பூட்டி வைத்த போனின் கறுப்புத் திரையில் மணி மட்டும் மங்கலாகத் தெரியும். இப்போது உங்கள் கையிலிருக்கும் போனை ஒருமுறை தேய்த்துப் பாருங்கள். ஓரத்து ஸ்வைப், இரட்டைத் தட்டு, அணையாத கடிகாரம், இதெல்லாம் புதுசு என்று நினைத்திருப்பீர்கள். ஐபோன் தன் பட்டனைத் தூக்கியது 2017-ல்!

உடம்பு பாலிகார்பனேட். மேலே பூசிய பெயின்ட் இல்லை, பிளாஸ்டிக்கின் உள்ளுக்குள்ளும் அதே நிறம். கீறினாலும் உள்ளே அதே நீலம்தான் இருக்கும். யூஎஸ்பி மூடியின் ஒரு ஓரத்தை அழுத்தினால் மறுஓரம் எழும்பும், அதன் பிறகுதான் பக்கத்திலிருக்கும் சிம் தட்டு நகர்ந்து வரும். பின் ஊசி தேடி வீடு முழுக்க அலைய வேண்டாம். இதை யோசித்தவருக்கு ஒரு கும்பிடு.

இப்போது தம்பியைப் பாருங்கள். என்9 திரை 3.9 அங்குலம், லூமியா 800 திரை 3.7. அதே உடம்பில் திரை ஏன் சுருங்கியது? விண்டோஸ் போனுக்கு முன்னால் மூன்று பட்டன்கள் இருந்தே ஆக வேண்டும், அது மைக்ரோசாஃப்டின் விதி. திரையைக் குறைத்து அதற்கு இடம் விட்டார்கள். இரண்டு போன்களையும் பக்கத்தில் வைத்து அந்தக் கீழ்ப்பட்டையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றெரிச்சல்தான்.

(திரையில்: 2011 பிப்ரவரி 11)

அன்று லண்டனில் மைக்ரோசாஃப்ட்டின் அப்போதைய தலைமை அதிகாரி ஸ்டீவ் பால்மரும், 2010 செப்டம்பரில் அதே மைக்ரோசாஃப்ட்டிலிருந்து நோக்கியாவின் தலைமைக்கு வந்த ஸ்டீபன் ஈலோப்பும் ஒரே மேடையில் நின்றார்கள். இனி எங்கள் ஸ்மார்ட்போன் என்றால் விண்டோஸ் போன்தான் என்று அறிவித்தார்கள். இன்னும் 15 கோடி சிம்பியன் போன்கள் விற்போம் என்றும் சொன்னார்கள். இந்தப் பண்டம் சீக்கிரம் நிற்கப்போகிறது என்று கடைக்காரரே சொன்ன பிறகு யார் வாங்குவார்கள்? கடையில் வைக்க ஒரு விண்டோஸ் போன்கூடத் தயாராக இல்லை. லூமியா வர எட்டு மாதம் ஆயிற்று. என்னைக் கேட்டால், விண்டோஸைத் தேர்ந்தெடுத்ததைவிட இந்த எட்டு மாத ஓட்டைதான் பெரிய தவறு.

வந்த லூமியாவிலாவது எல்லாம் இருந்ததா? அப்போதைய விண்டோஸ் போனில் புளூடூத் வழியாக ஒரு பாட்டுகூட அனுப்ப முடியாது. அந்தக் காலத்தில் நம் ஊரில் பாட்டு கை மாறியதே புளூடூத்தில்தான். பஸ் ஸ்டாண்டில், டீக்கடையில், காலேஜ் கடைசி பெஞ்சில் "ஆன் பண்ணு, அனுப்புறேன்" என்றுதான் பேச்சே தொடங்கும். அப்புறம் 2012 ஜூனில் விண்டோஸ் போன் 8-ஐ அறிவித்தார்கள், பழைய லூமியாக்களுக்கு அது கிடைக்காது என்று கைவிரித்துவிட்டார்கள். ஏப்ரலில்தான் அமெரிக்காவில் லூமியா 900 விற்பனைக்கு வந்திருந்தது.

"ஆண்ட்ராய்டுக்குப் போயிருந்தால் பிழைத்திருக்கும்" என்று ஒரு கூட்டம் கமெண்டில் வரும், தெரியும். எனக்கு அதில் பாதி உடன்பாடுதான். ஆண்ட்ராய்டில் முதலில் ஓடிய எச்டிசி இப்போது எங்கே? அதோடு, வரைபடங்களுக்காக நவ்டெக் என்ற கம்பெனியை 810 கோடி டாலர் கொடுத்து வாங்கியது நோக்கியா. கூகுள் மேப்ஸ் வந்தால் அதை என்ன செய்வது? சொந்தமாக மீகோ கையில் இருந்தது. அதற்கு இரண்டு வருடம் கொடுத்துப் பார்த்திருக்க வேண்டும், இதுதான் என் கட்சி.

போன் பிரிவை 2014 ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட் எடுத்துக்கொண்டது. ஆனால் 2006-ல் திறந்த நம் ஸ்ரீபெரும்புதூர் ஆலை அந்தக் கைமாற்றத்தில் சேரவில்லை. வருமான வரி வழக்கில் சிக்கியிருந்தது. எதற்கான வரி தெரியுமா? போன்களில் ஏற்றிய மென்பொருளுக்காக பின்லாந்துக்கு அனுப்பிய பணத்துக்கான வரி! 2014 நவம்பர் 1-ஆம் தேதி ஆலை நின்றது. அங்கே வேலை பார்த்த ஆயிரக்கணக்கானவர்களில் இளம்பெண்கள் ஏராளம். பின்லாந்தில் எடுத்த முடிவுக்கு, கம்பெனி பஸ்ஸில் ஷிப்டுக்குப் போய்வந்த அந்தப் பிள்ளைகள்தான் விலை கொடுத்தார்கள்.

அந்த ஆலையில் வேலை பார்த்த அக்கா, அண்ணன் யாராவது இதைப் பார்த்தால், நீங்கள் எந்த மாடலை பூட்டினீர்கள், எந்த லைனில் இருந்தீர்கள் என்று கமெண்டில் எழுதுங்கள். முதல் கமெண்டாகப் பின் பண்ணி வைக்கிறேன்.